மண்டபமாய் நிற்கும் மனிதர்

சென்ற வாரம், மாளிகாவத்தையில் எங்கள் தொடர்மாடியின் அயல்வீட்டு மாணவி ஒருத்தி, கையில் ஒரு நுழைவுச் சீட்டுடன் என்னிடம் வந்தாள். பள்ளித் தோழியர் சிலர் கூடி நாடகமொன்றுக்குச் செல்கின்றனராம். சீட்டிலே நாடகத்தின் பெயருக்கும் நேரத்துக்கும் கீழே, 'லயனல் வென்ட் அரங்கு' என்று அச்சிடப்பட்டிருந்தது.

"மாமா, ஆர் இந்த லயனல் வென்ட்? மண்டபத்துக்குப் பெயர் வைக்கிற அளவுக்கு என்ன செய்தவர்? நாடகம் எழுதினவரா?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை, படம் பிடித்தவர்" என்றேன்.

அவள் முகத்தில் சிறிது ஏமாற்றம் தோன்றியது. "படமா? அது இப்ப எல்லாரும்தானே பிடிக்கினம்!" என்று கூறித் தன் கைத்தொலைபேசியை உயர்த்திக் காட்டினாள்.

அவள் கூறியதில் பிழையில்லை, நேயர்களே! இன்று பிறந்த குழந்தையின் முதல் அழுகை முதல் மதிய உணவுத் தட்டு வரை யாவும் படமாகின்றன. ஒரு திருமண வீட்டிலே விருந்தினர் எத்தனை பேரோ, படப்பிடிப்பாளரும் அத்தனை பேர். அவ்வாறாயின், எல்லாரும் பிடிக்கும் படத்துக்கும், பிடித்தவர் மறைந்து எண்பது ஆண்டுகள் கடந்த பின்னும் உலகம் தேடிப் பார்க்கும் படத்துக்கும் என்ன வேற்றுமை? அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன மறுமொழியையே இந்த ஞாயிறு உங்களுக்கும் சொல்ல விழைகின்றேன்.

நீதிபதியின் வீட்டுப் பிள்ளை

லயனல் வென்ட் 1900ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பறங்கியர் சமூகத்தவர். உயர் நீதிமன்ற நீதியரசராக விளங்கியவர். தாயார் சிங்களக் குடும்பத்தவர். தந்தையாருக்கும் படம் பிடிக்கும் கலையில் ஈடுபாடு இருந்தது. ஆனால் மைந்தன் சிறுவனாக இருக்கும்போதே அவர் காலமானார்.

லயனல் கல்வி பயின்றது புனித தோமையர் கல்லூரியில். இன்று கல்கிசைக் கடலோரத்தில் உள்ள அக்கல்லூரி, 1918ஆம் ஆண்டு வரை நம் கொட்டாஞ்சேனைக்கு அருகே முகத்துவாரத்தில் இருந்தது. ஆகவே வடகொழும்புவாசிகளாகிய நாம், இக்கலைஞரின் இளமையில் நமக்கும் சிறு பங்குண்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

பின்னர் இங்கிலாந்து சென்றார். குடும்ப வழக்கத்துக்காகச் சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். தம் உள்ளத்துக்காக லண்டன் றோயல் இசைக் கலாசாலையில் ஒஸ்கார் பெரிங்கர் என்பாரிடம் பியானோ கற்றார். 1924இல் தாயகம் திரும்பியவர் சிறிது காலமே வழக்கறிஞர் அங்கியை அணிந்தார். பின் அதைக் களைந்துவிட்டுப் பியானோவின் முன் அமர்ந்தார். பெற்றோர் வகுத்த வழி ஒன்று, பிள்ளை நாடும் வழி வேறொன்று என்பது நம் வீடுகளுக்குப் புதிய கதையன்று. வென்டுக்குக் குடும்பச் செல்வம் கைகொடுத்தது என்பதையும் நாம் மறைத்தலாகாது. ஆயினும் செல்வம் உள்ளவர் எல்லாரும் அதைக் கலைக்குச் செலவிடுவதில்லையன்றோ!

அந்நாளில் கொழும்பின் கலை உலகம் பெரிதும் ஆங்கிலேயரின் விருப்பு வெறுப்புகளைப் பின்பற்றி நடந்தது. ஜோர்ஜ் கீட் போன்ற இளம் ஓவியர்கள் புதுமுறையில் தீட்டிய சித்திரங்களைப் பலர் நகைத்தனர். வென்ட் அவர்களின் பக்கம் நின்றார். கண்காட்சிகள் அமைத்தார், பத்திரிகைகளில் எழுதி வாதாடினார். கண்டி நடனம் நகரத்து மேன்மக்களால் பொருட்படுத்தப்படாத காலத்தில், அக்கலைஞர்களைத் தேடிச் சென்று ஆதரித்தார்.

வெள்ளவத்தை நேயர்களுக்கு ஒரு செய்தி. பிற்காலத்தில், 1971இல், நோபல் பரிசு பெற்ற சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா, 1929இலும் 1930இலும் தம் நாட்டுத் தூதரகப் பணியாளராகக் கொழும்பில் இருந்தார். வெள்ளவத்தைக் கடற்கரையோரச் சிறு வீடொன்றில் தனிமையில் வாழ்ந்த அவருக்கு, இங்கிலாந்திலிருந்து தமக்கு வரும் புதிய நூல்களை ஒரு சாக்கிலே கட்டி, சைக்கிளில் ஓர் ஆளை ஏற்றி, வாரந்தோறும் அனுப்பிவைப்பாராம் வென்ட். நெருடா தம் நினைவுக் குறிப்புகளில் இதனை நன்றியுடன் பதிவு செய்துள்ளார். கொடுத்து மகிழும் இக்குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இருட்டறையில் பிறந்த ஒளி

வென்ட் முழு மூச்சுடன் கமராவைக் கையில் எடுத்தபோது முப்பது வயதைக் கடந்திருந்தார். அதற்கு முன் இலங்கையில் படம் பிடிப்போர் இல்லாமலில்லை. ஸ்கீன், பிளாட்டே முதலிய நிறுவனங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கொழும்பில் பெயர் பெற்றிருந்தன. தென்னை மரம், யானை, தேயிலைத் தோட்டம், ஆபரணம் அணிந்த பெண் என்று, கப்பலில் வரும் வெள்ளைக்காரர் வாங்கிச் செல்வதற்கேற்ற படங்களை அவை விற்றன. கலைநோக்கோடு படம் பிடித்து இங்கிலாந்தில் பெரும் புகழ் ஈட்டிய யூலியா மார்கிரெட் கெமரன் அம்மையாரும் 1875இல் இத்தீவுக்குக் குடிவந்து, 1879இல் இங்கேயே மறைந்தார். மலைநாட்டின் பொகவந்தலாவைத் தேவாலய வளவிலே அவர் துயில்கின்றார்.

வென்ட் கண்டது வேறொரு இலங்கை. வலை இழுக்கும் மீனவரின் முதுகு, களத்துமேட்டு உழைப்பு, நீராடி நிமிரும் கிராமத்து மனிதர், மத்தளத்தின் முன் காற்றில் எழும் நடனக்காரரின் கால், இடிபாட்டின் நடுவே அமைதி கொண்ட கற்சிலை என்பன அவர் கண்ணில் பட்டன. அவை அனைத்தும் நாள்தோறும் யாவரும் கண்டவையே. ஆனால் ஒளி எப்பக்கமிருந்து விழுகிறது, நிழல் எங்கே முடிகிறது என்பதை ஓர் இசைக்கலைஞர் தாளத்தைக் கவனிப்பதுபோலக் கவனித்தவர் அவர்.

இங்கே மாணவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. இக்காலத்தில் பொத்தானை அழுத்தியதும் படம் முடிந்துவிடுகிறது. அந்நாளிலோ அழுத்திய பின்னரே வேலை தொடங்கும். ஒளிபட்ட சுருளை இருட்டறையில் இரசாயனக் கரைசலில் இட்டால், வெண்மை கருமையாகவும் கருமை வெண்மையாகவும் தோன்றும் நெகட்டிவ் கிடைக்கும். அதனூடே ஒளியைப் பாய்ச்சி, வெள்ளி உப்புப் பூசிய தாளில் விழச் செய்து, அத்தாளை மீண்டும் கரைசலில் நனைத்தால் படம் மெல்ல மெல்ல எழுந்து வரும். எத்தனை விநாடி ஒளி, எப்பகுதிக்கு நிழல், எந்தத் தாள் என்று தீர்மானிப்பவர் கலைஞரே. ஒரே நெகட்டிவிலிருந்து ஒருவர் சாதாரணமான படத்தையும், மற்றொருவர் உள்ளத்தை உலுக்கும் படத்தையும் எடுத்துவிடலாம்.

வென்ட் இவ்வேலையைப் பிறரிடம் விட்டுவிடவில்லை. தாமே இருட்டறையில் நின்றார். படம் பாதி எழுந்து வரும் வேளையில் ஒரு கணம் விளக்கை ஏற்றி அணைத்தால், உருவத்தின் விளிம்பிலே கோடு வரைந்தாற்போன்ற ஒரு விந்தைத் தோற்றம் உண்டாகும். பாரிஸ் நகரில் மேன் ரே என்ற கலைஞர் பிரபலப்படுத்திய இம்முறையைக் கொழும்பிலிருந்தபடியே வென்ட் கைவரப் பெற்றார். இரண்டு மூன்று நெகட்டிவ்களை இணைத்துக் கனவுபோன்ற காட்சிகளையும் படைத்தார். ஓவியருக்குத் தூரிகை எதுவோ, வென்டுக்கு இருட்டறை அது. படம் பிடிப்போரை ஒன்றுதிரட்டி இலங்கைப் புகைப்படக் கழகத்தை உருவாக்கியவர்களுள்ளும் அவர் ஒருவர். 1938இல் லண்டன் கமராக் கழகத்தில் அவருடைய படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

படங்களோடு அவர் குரலும் கடல் கடந்தது. 1934இல் பசில் ரைட் என்னும் ஆங்கில இளைஞர், தேயிலைச் சபையின் சார்பில் இலங்கையைப்பற்றி ஒரு விவரணப் படம் எடுக்க வந்தார். புதிய நாட்டிலே எங்கே போவது, எதைப் பார்ப்பது என்று வழிகாட்டியவர் வென்ட். 'இலங்கையின் கீதம்' என்று பொருள்படும் பெயர் கொண்ட அப்படத்தில், கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளே விவரணமாக ஒலிக்கின்றன. அந்தக் குரல் வென்டினுடையது. 1935இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவில் அப்படம் முதற்பரிசு பெற்றது. தேயிலையை விளம்பரம் செய்யப் புறப்பட்ட படம் ஒரு நாட்டின் முகத்தைக் காட்டிவிட்டது.

ஒரு வீடும் ஒரு குழுவும்

1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள், வென்டின் இல்லத்திலே ஓவியர் சிலர் கூடினர். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஜோர்ஜ் கீட், ஜஸ்டின் தரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், ஜெப்ரி பெலிங், ஜோர்ஜ் கிளாசன், ஒப்றி கொலெட், ரிச்சர்ட் கேப்ரியல், மஞ்சுசிறி ஆகியோருடன் எஸ். ஆர். கனகசபை என்னும் தமிழரும் அவ்வணியில் இருந்தார். ''43 குழு' என்று வரலாறு அழைப்பது இவர்களையே. சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் ஒரே கூரையின் கீழ்க் கலையைப்பற்றி மட்டும் வாதாடிய ஒரு மாலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள்! இத்தீவில் அத்தகைய மாலைப் பொழுதுகள் இன்னும் சில வாய்த்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

அக்குழு 1952இல் லண்டனில் கண்காட்சி நடத்திப் பெரும் பாராட்டைப் பெற்றது. அதைக் காண வென்ட் உயிரோடில்லை. 1944 டிசம்பரில், நாற்பத்து நான்காவது பிறந்த நாள் கழிந்து மூன்று வாரம் ஆகுமுன்னரே, மாரடைப்பு அவரைக் கொண்டுபோயிற்று. புகைப்படக் கலைஞராக அவர் தீவிரமாக உழைத்தது ஏறத்தாழப் பத்தே ஆண்டுகள்.

அவர் மறைந்தபின் நிகழ்ந்ததே இக்கதையில் நெஞ்சை வருத்தும் பகுதி. அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. விதை நெல்லைத் தீயிலிட்டது போலாயிற்று. இனி ஒரு புதிய படமும் அவற்றிலிருந்து முளைக்க முடியாது.

ஆனால் அவர் தம் கையால் அச்சிட்ட படங்கள் எஞ்சியிருந்தன. நண்பர்கள் வாளாவிருக்கவில்லை. அந்த அச்சுப் படங்களையே மீண்டும் படம்பிடித்து, 1950இல் லண்டனில் 'லயனல் வென்டின் இலங்கை' என்னும் பொருள்பட ஒரு நூலை வெளிவரச் செய்தனர். அவர் வாழ்ந்த நிலத்திலேயே ஓர் அரங்கை எழுப்பி, 1953 டிசம்பர் 12ஆம் நாள், மாக்சிம் கோர்க்கியின் நாடகத்துடன் திறந்துவைத்தனர். நம் பிள்ளைகள் நாடகம் பார்க்கச் செல்லும் மண்டபம் அதுவே. பின்னும் பல ஆண்டுகள் கழிந்து, 2017இல் ஜெர்மானிய நாட்டுப் பெருங் கலைவிழாவான டொக்குமெண்டாவிலும், ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் புகைப்பட அருங்காட்சியகமொன்றிலும் அவருடைய படங்கள் வைக்கப்பட்டன.

பெயரில்லாத முகங்கள்

இத்தனையும் கூறியபின், மனத்தை உறுத்தும் ஒன்றையும் கூறாது விடல் முறையன்று. வென்டின் படங்களில் வரும் மனிதர் பலருக்குப் பெயரில்லை. மீனவன், நடனக்காரன், கிராமத்துப் பெண் என்றே அவர்களை அறிகிறோம். கமராவைப் பிடித்தவர் கறுவாத்தோட்டத்து மாளிகைவாசி. கமராவின் முன் நின்றவர்கள் ஏழை உழைப்பாளிகள். சட்டையற்ற அவர்களின் உடல் வனப்பை, கிரேக்கச் சிற்பி கல்லில் கண்ட அழகுபோல அவர் போற்றினார் என்பது உண்மை. ஆனால் போற்றப்பட்டவர்கள் அதைப்பற்றி என்ன எண்ணினர் என்று இன்றைய ஆய்வாளர்கள் கேட்கின்றனர். கேட்கவேண்டிய கேள்விதான்.

மேலே நெருடாவைக் குறிப்பிட்டேன். வென்டின் நற்குணத்தைப் புகழ்ந்த அதே நூலில், வெள்ளவத்தை வீட்டில் துப்புரவு வேலை செய்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்குத் தாம் இழைத்த பெருங் கொடுமையையும் அவரே எழுதியிருக்கின்றார். அப்பெண்ணின் பெயரும் அந்நூலில் இல்லை. கலைஞர் பெயர் நிலைக்க, அவர் கண்ணில் பட்ட எளியோரின் பெயர் கரைந்து போவது உலக வழக்கமாகிவிட்டது. வென்ட் நெருடாவைப் போன்றவர் என்று நான் கூறவில்லை. அவருடைய படங்களில் உழைப்பாளியின் முகம் தலைநிமிர்ந்தே நிற்கிறது. ஆயினும், ஒரு படத்தைக் காணும்போது 'எடுத்தவர் யார்?' என்பதோடு 'நிற்பவர் யார்?' என்றும் கேட்கும் வழக்கம் நமக்கு வரவேண்டும்.

இதனை நான் புத்தகத்திலிருந்து மட்டும் கற்கவில்லை. எங்கள் குடும்பம் முன்பு வெள்ளவத்தையில் வாழ்ந்தது. 1983 ஜூலையில் அந்த வீடு தீக்கிரையானது. உயிர் தப்பியதே பெரிது என்று எண்ணியதால், இழந்த பொருள்களைப்பற்றி அம்மா வாய் திறந்ததில்லை, ஒன்றைத் தவிர. இரண்டு பெரிய படத் தொகுப்புகள் எரிந்துபோயின. "உங்கட தாத்தாவின்ர முகம் எனக்கு மறந்து போகுதடா" என்று ஒருநாள் மாலை விளக்கேற்றும் வேளையில் சொன்னார். நான் என்ன மறுமொழி கூறுவேன்?

பல ஆண்டுகள் கழிந்து, கொட்டாஞ்சேனையில் இருந்த தாத்தாவின் தங்கை ஒருவர் காலமானபோது, அவருடைய பிஸ்கட் தகரப்பெட்டியிலே ஒரு படம் கிடைத்தது. கோட்டும் வேட்டியுமாகத் தாத்தா நின்றிருந்தார். புறத்தே, அவருடைய கையெழுத்தில், தங்கைக்கு அண்ணன் அன்புடன் கொடுத்தது என்றும், தம் பெயரும், ஆண்டும். தாத்தா தமக்கென வைத்திருந்த படங்கள் யாவும் அழிந்தன. பிறருக்குக் கொடுத்த ஒன்றே மிஞ்சியது. அம்மா அதைக் கையில் வாங்கி, பேசாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வென்டின் கதையை நான் வாசித்தபோது எனக்கு அந்தத் தகரப்பெட்டியே நினைவுக்கு வந்தது. நெகட்டிவ் அழிந்த கலைஞர் இன்றும் வாழ்வதற்குக் காரணம், அவர் தம் படைப்பைத் தாளிலே முழுமையாக்கி உலகில் நடமாட விட்டதும், அவர் நூல்களையும் நேரத்தையும் அன்பையும் வாரி வழங்கிய நண்பர்கள், அவர் போனபின் அவரைக் கைவிடாததுமே.

ஆகவே மாணவ நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். முந்நூறு படம் பிடியுங்கள், தடையில்லை. ஆனால் அவற்றுள் மூன்றையேனும் தாளிலே அச்சிடுங்கள். புறத்தே மென்மையான பென்சிலால் யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதுங்கள். ஒன்றை வேறோர் ஊரிலுள்ள உறவினருக்குக் கொடுங்கள். பெரியோர்களே, அலுமாரிக்குள் இருக்கும் பழைய படங்களை ஈரமும் கறையானும் தீண்டாத இடத்தில் வையுங்கள். அவற்றிலுள்ளவர்களின் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் உயிருடன் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். நாளை என்று தள்ளிப்போட்டால், படம் இருக்கும், பெயர் இராது.

நாடகம் பார்த்துத் திரும்பிய அந்த மாணவி மறுநாள் மாலை மீண்டும் வந்தாள். நாடகத்தைப்பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. மங்கிய பழைய படமொன்றை என்முன் வைத்தாள். கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து முதுகில் தொங்கவிட்ட நான்கு பெண்கள், ஒரு லயத்தின் முன்னே வரிசையாக நின்றிருந்தனர்.

"அம்மம்மாவிட்டக் கேட்டனான், மாமா. மூன்று பேரின்ர பெயர் சொன்னவ. நாலாவது ஆள் ஆரெண்டு அவவுக்கு நினைவு வருகுதில்லை. வாற லீவுக்கு ஹட்டனுக்குப் போறம், அங்க கேட்கப் போறன்" என்றாள்.

படத்தைத் திருப்பினேன். பென்சிலால் மூன்று பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. நான்காவதற்கு ஒரு கோடு மட்டும் இழுத்து, இடம் விட்டிருந்தாள்.